சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன்

முன்னூறு லிட்டர் தண்ணீரை
எட்டாவது மாடியில் என்னிடம் விட்டுவிட்டு
சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான் ஹினெக்.
எந்தச் சனிக்கிழமை என்று நானும் கேட்கவில்லை.
அது மார்ச்.
இப்போது ஒஸ்திராவாவில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது.

தொட்டி நிற்கும் இடத்தில்
தையல் மேசை போடுவதாக இருந்தேன்.
கீழ்வீட்டு ஹ்ரபோவ்ஸ்கா அம்மாள்
தன் கூரையில் ஈரம் பூத்திருப்பதாக
வாரம் இருமுறை மணியடிக்கிறார்.
பூக்கவில்லை. அவர் நாற்காலியிலேயே ஏறிப் பார்த்தேன்.

டிராம் ஓட்டிவிட்டு இரவு வந்து
குழாயை வாயால் உறிஞ்சி
தண்ணீர் மாற்றுகிறேன்.
அந்த ஏரி, எந்தக் கண்டத்து ஏரியோ,
அதன் உப்பு இப்போது என் பற்களுக்குத் தெரியும்.

ஆண் சிக்லிட் நீலம்.
அடித்துடுப்பில் அசல் முட்டைபோல மஞ்சள் புள்ளிகள்.
பெண் தான் இட்டதை உடனே வாயில் அள்ளுகிறாள்,
புள்ளிகளையும் முட்டையென்று கொத்தப் போகிறாள்.
வாய் திறந்த அந்த நொடியில்
சினைப்படுகிறது எல்லாம்.
ஏமாந்துதான் தாயாக வேண்டும்,
அவள் குலத்தில் வேறு வழி இல்லை.

அப்போதுதான் அவை வரும்.
பகலெல்லாம் பாறை இடுக்கில்
தலைகீழாய்த் தூங்கிய புள்ளிக் கெளுத்திகள் இரண்டு,
கல்யாணப் பந்திக்கு அழையாமல் வந்த மீசைக்காரர்கள்போல்
நடுவில் பாய்ந்து
நாலு முட்டையைத் தின்று
தங்கள் முட்டையைச் சிதறிவிட்டுப் போகும்.
அவள் பதறி அள்ளுவாள்.
பதற்றத்தில் யார் எண்ணுகிறார்கள்?

எங்கள் ஒத்ரா கரையிலும் உண்டு,
நாணல் குருவிக்குக் குயில் செய்வது.
ஆனால் குருவி கூட்டைவிட்டுப் பறக்கலாம்.
இவளுக்கு வாய்தான் கூடு.
நான் தூவும் இரை
மூக்கைத் தொட்டுக் கீழே இறங்குகிறது.

தொண்டை வீங்கியிருக்கிறது என்று
ஹினெக்குக்குச் செய்தி அனுப்பினேன்.
யாருக்கு, என்று பதில் வந்தது
மறுநாள் மாலை.

பதினைந்தாம் நாள் கையை நனைத்து அவளைப் பிடித்து
தேநீர் வடிகட்டிக்கு மேலே
தீக்குச்சியின் மழுங்கிய முனையால்
கீழ்த்தாடையை மெல்லத் தாழ்த்தினேன்.
ஐந்து விழுந்தன.
மீசை.
மீசை. மீசை. மீசை.
கடைசியாய், வர மனமில்லாமல், ஒரு மீசை.
அவள் குஞ்சுகள் எங்கே என்று தேடவேண்டியதில்லை.
ஐந்து வயிறும் உருண்டையாயிருந்தன.

தண்ணீரில் விட்டதும்
அவள் செய்த முதல் காரியம்
ஒரு கூழாங்கல்லை வாயில் எடுத்ததுதான்.
இரண்டு நாள் வைத்திருந்தாள்.

கெளுத்திகள்மேல் கோபமா என்றால், இல்லை.
விளக்கணைத்த பிறகு அவற்றுக்கென்று தனியாக
உறைந்த புழு போடுகிறேன்.
அவையும் கேட்டு வந்தவையல்ல.

ஆறு வாரம் கழித்து ஒபாவாவிலிருந்து க்விதோ வந்தான்.
ஐந்து குஞ்சையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
உங்களுக்கு நல்ல கைராசி என்றான்.
தாய் வேண்டுமா என்றேன்.
சிக்லிட்டா? அது ரயிலடிக் கடையிலேயே கிடைக்கும்.
ஆயிரத்து ஐந்நூறு கொருனா.
மின்கட்டணம் விழுங்கிக்கொண்டது.

க்விதோ சொல்லியிருக்கவேண்டும்.
நேற்று ஹினெக்கே கூப்பிட்டான்,
எட்டு மாதத்தில் முதன்முறையாக.
கெளுத்தி நன்றாக விலை போகிறதாமே,
தொட்டியை எடுக்க வரட்டுமா?

கண்ணாடிக்குள் அவள்
பாறையை ஒட்டி அசையாமல் நின்றாள்.
தாடை மறுபடி உப்பியிருந்தது.
இந்தமுறை யாருடையதோ,
ஒன்றாவது அவளுடையதோ,
பார்க்க இன்னும் பன்னிரண்டு நாள்.

ஹலோ, இருக்கிறாயா என்றான்.
நான் வாய் திறக்கவில்லை.

இப்போது மணி அடிக்கிறது.
ஹ்ரபோவ்ஸ்கா அம்மாளாக இருக்கும்,
ஈரத்தைப் பற்றிச் சொல்ல.
இன்று சனிக்கிழமை.